நிறத்துக்கு முன் நீரைப் பாருங்கள்

இலங்கையில் அரச கணக்காண்டு டிசம்பர் 31ஆம் திகதியோடு முடிகிறது. ஒதுக்கப்பட்ட பணம் அதற்குள் செலவாகாவிட்டால் கைவிட்டுப் போய்விடும் என்ற பதற்றத்தில், கட்டடப் பராமரிப்பு வேலைகள் ஆண்டின் கடைசி மாதங்களில் வந்து குவிகின்றன. தனியார் வர்த்தகர்களின் நாட்காட்டி வேறு. தீபாவளிக்கு முன்போ நத்தாருக்கு முன்போ தைப்பொங்கலுக்கு முன்போ கடை புதுப்பொலிவு பெற வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். மாத்தளை மாவட்டத்தில் இந்த இரண்டு நாட்காட்டிகளும் மழையின் நாட்காட்டியோடு மோதுகின்றன. ஒக்டோபர், நவம்பரில் இடைப்பருவ மழை. அது ஓய்வதற்குள் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி. ஜனவரி வரை சுவர்கள் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கின்றன. ஆண்டிலேயே ஈரம் மிகுந்த அந்த மாதங்களைத்தான் வெளிச்சுவருக்குப் பெயின்ட் பூசும் பருவமாக நாம் ஆக்கி வைத்திருக்கிறோம்.

அதன் விளைவை ஏ-9 வீதியின் இருபுறமும் பார்க்கலாம். பூசி ஓராண்டு கழியுமுன்னே கொப்புளம் கண்ட முகப்புகள், வெள்ளைப் பொடி பூத்த அடிச்சுவர்கள், மொட்டைமாடியின் கைப்பிடிச்சுவரிலிருந்து கறுப்புக் கோடுகள் இறங்கிய கடைத்தொகுதிகள். உரிமையாளர் பெயின்ட் கம்பனியைக் குறை கூறுகிறார். கம்பனிப் பிரதிநிதி பூசிய பாஸைக் குறை கூறுகிறார். பாஸ் சுவரைக் குறை கூறுகிறார். மூவரில் உண்மைக்கு மிக அருகில் நிற்பவர் பெரும்பாலும் அந்தப் பாஸ்தான். ஏனென்றால் இந்த மாவட்டத்தில் வெளிப்பூச்சு காலத்துக்கு முன்பே கெடுவதற்கு முதற்காரணம் வாளிக்குள் இருக்கும் பொருள் அன்று. ஈரம் வற்றாத சுவரில் பூசுகிறோம். தண்ணீர் புகும் வழியை அடைக்காமல் பூசுகிறோம். பூச்சின் தடிப்பை அளக்காமல் பணம் கொடுக்கிறோம். இந்த மூன்றும் மாறாத வரை எவ்வளவு விலை கூடிய பெயின்டும் நம் கட்டடங்களைக் காப்பாற்றாது.

சுவர் காட்டும் அடையாளங்கள்

கெட்டுப்போன சுவர் ஒவ்வொன்றும் தன் நோயைத் தானே எழுதிக் காட்டுகிறது. வெள்ளைப் பொடி என்றால் உப்பு. சுவருக்குள் புகுந்த நீர், சீமெந்திலும் மணலிலும் செங்கல்லிலும் உள்ள கரையும் உப்புகளைக் கரைத்து மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது. நீர் ஆவியாகிப் போகிறது, உப்பு பெயின்டுக்கு அடியில் பளிங்காகி அதைத் தள்ளிப் பெயர்க்கிறது. அதைத் தண்ணீர் விட்டுக் கழுவுவது நம்மூர் வழக்கம். கழுவும் தண்ணீரில் உப்பு மீண்டும் கரைந்து சுவருக்குள்ளேயே திரும்பிப் போகிறது. உலர்ந்த தூரிகையால் பொடியைத் தட்டி அகற்றி, நீர் வரும் வழியை அடைத்து, உப்பு வருவது நின்ற பிறகுதான் பூச வேண்டும்.

கறுப்பும் பச்சையுமாகப் படர்வது பாசியும் பூஞ்சையும். சில சுவர்களில் செம்மஞ்சளாக ஒரு படலம் தெரியும். துருக்கறை என்றோ செம்மண் என்றோ பலர் நினைக்கும் அது பெரும்பாலும் திரென்டிபோலியா என்ற பாசியினம். வெப்பமண்டல நாடுகளின் ஈரச்சுவர்களில் அது சர்வசாதாரணம். இந்த உயிரினங்களைக் கொல்லாமல் மேலே பூசினால் சில மாதங்களில் அவை புதுப்பூச்சையும் ஊடுருவி வரும். குளோரின் வெளிற்றுக் கரைசலைத் தடவி, வேலை செய்ய நேரம் விட்டு, நன்றாகக் கழுவி, காயவிட்ட பிறகே அடுத்த வேலை.

தடவிப் பார்த்தால் கையில் மாவாக ஒட்டுவது வெயிலின் வேலை. புறஊதாக் கதிர்கள் பெயின்டின் பிணைப்பியை உடைக்க, நிறப்பொடி மட்டும் தளர்ந்து நிற்கிறது. அந்த மாவின் மேல் புதுப்பெயின்ட் பூசினால் அது சுவரைப் பற்றாது, மாவைத்தான் பற்றும்.

எல்லாவற்றிலும் கவலைக்குரியது கொங்கிறீட் தூணிலோ வளையிலோ கம்பியின் போக்கில் ஓடும் வெடிப்பும் பழுப்புக் கறையும். புதுக் கொங்கிறீட்டின் பிஎச் பெறுமானம் 12க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தன்மைதான் உள்ளே இருக்கும் இரும்பைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு மெல்ல மெல்ல உள்ளே புகுந்து அந்தப் பெறுமானத்தை 9க்குக் கீழே இறக்குகிறது. அதன்பின் ஈரம் பட்டால் கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடிப்பதால் மேலிருக்கும் கொங்கிறீட் பிளந்து விழுகிறது. அந்தக் கட்டத்தில் பெயின்ட் பூசுவது நோயை மறைப்பது மட்டுமே. கொங்கிறீட்டைத் தட்டி அகற்றி, கம்பியைச் சுத்தம் செய்து, பழுதுபார்க்கும் சாந்தால் மூடிய பிறகே பூச்சு.

ஒரு மாவட்டம், பல காலநிலை

மாத்தளைக்கென்று ஒரே பரிந்துரை எழுத முடியாது. நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 360 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கிழக்கே ரத்தோட்டை, ரிவஸ்டன், லக்கல என்று நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி ஏற ஏற மூடுபனியும் தூறலும் கூடுகின்றன. வடக்கே நாவுலயைத் தாண்டித் தம்புள்ளைக்கு இறங்கினால் உலர்வலயம். அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை அரிது. காய்ச்சும் வெயிலும் புழுதி அள்ளும் காற்றும்தான் மிகுதி.

ரத்தோட்டைக் கடைச்சுவரின் எதிரி பாசி. அங்கே பூஞ்சை எதிர்ப்புப் பொருள் சேர்ந்த பூச்சு வேண்டும். அந்தப் பொருள் ஒவ்வொரு மழையிலும் சிறிது சிறிதாகக் கரைந்து போகும் என்பதால், சில ஆண்டுக்கு ஒருமுறை கழுவிப் பராமரிக்கும் திட்டமும் அதோடு சேர வேண்டும். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தைச் சுற்றியுள்ள பண்டகசாலைகளுக்கு எதிரி வெயிலும் தூசியும். இறப்பர் போல் நீளும் தடித்த பூச்சுகளை அங்கே கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்கிறார்கள். வெடிப்பை மூடும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு என்பது மெய்தான். ஆனால் அவற்றில் மென்மையானவை வெயிலில் இளகித் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, வெள்ளைச் சுவர் சில மாதங்களில் மண்ணிறமாகிவிடுகிறது. வெடிப்புகளை மட்டும் நீளும் பொருளால் நிரப்பி, மேலே கடினமான தரமான அக்ரிலிக் பூச்சைக் கொடுப்பது அங்கே பொருத்தம்.

நிறத்திலும் இதே கவனம் வேண்டும். கடும் நிறச் சுவர் வெயிலில் மிகச் சூடேறி, மாலை மழையில் சட்டெனக் குளிர்ந்து, தினமும் விரிந்து சுருங்கி வெடிக்கிறது. காவி, செங்கல் சிவப்பு, மஞ்சட்காவி போன்ற இரும்பு ஒட்சைட்டு நிறங்கள் வெயிலில் நெடுநாள் நிற்கும். பளிச்சென்ற சிவப்பு, ஊதா, எலுமிச்சை மஞ்சள் போன்றவற்றில் மலிவான சேதன நிறப்பொடிகள் இருந்தால் அவை விரைவில் வெளிறும். தம் அடையாள நிறம் பளிச்சென்றுதான் இருக்க வேண்டும் என்று கேட்கும் நிறுவனங்கள், அந்த நிறத்தைச் சுவர் முழுவதும் பூசாமல் ஒரு பட்டையிலோ பெயர்ப்பலகையிலோ வைத்தால் செலவும் குறையும், சுவரும் பிழைக்கும்.

தம்புள்ளைக் குகை சொல்வது

மாத்தளை மாவட்டத்தில் கட்டடம் கட்டுகிறவர் வெளியூர் நூல்களைத் தேடுமுன் தம்புள்ளைக் குகைகளின் வாயிலை அண்ணாந்து பார்க்க வேண்டும். பாறையின் முன்விளிம்பில் ஒரு நீண்ட வெட்டு ஓடுகிறது. பாறை முகத்தில் வழிந்துவரும் மழைநீர் அந்த வெட்டைத் தாண்டி உள்நோக்கி ஊர முடியாமல் அங்கேயே சொட்டி விழுகிறது. குகை உலர்ந்து கிடக்கிறது. அலுவிகாரையிலும் சிகிரியாவைச் சுற்றியுள்ள குகைகளிலும் இதே வெட்டு உண்டு. இத்தகைய வெட்டுகளின் கீழே பிராமிக் கல்வெட்டுகள் காணப்படுவதால், இவற்றின் வயது இரண்டாயிரம் ஆண்டைத் தாண்டுகிறது. பின்வந்த நூற்றாண்டுகளின் ஓவியங்கள் தம்புள்ளையின் உட்பாறையில் நிற்க முடிந்ததற்கு அடிப்படை இந்த வெட்டுதான்.

சிகிரியாவின் கண்ணாடிச் சுவரும் அவ்வாறே. ஐந்தாம் நூற்றாண்டில், காசியப்பன் காலத்தில் செங்கல்லால் எழுப்பி, சுண்ணாம்புச் சாந்து பூசி, பளபளக்கத் தேய்த்த சுவர் அது. சாந்தின் நேர்த்தியை எல்லோரும் புகழ்கிறோம். அந்தச் சாந்துக்கு மேலே பெரும்பாறை குடையாகக் கவிந்து நின்று மழையைத் தடுத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் காலத்தில் ஜெப்ரி பாவா கண்டலமவில் வடிவமைத்து 1990களில் எழுந்த விடுதியிலும் இதே அறிவு வேலை செய்கிறது. கொங்கிறீட்டுக்கு வெளியே மரச்சட்டகமும் அதில் படரும் கொடிகளுமாக ஒரு திரை. வெயிலும் மழையும் முதலில் அந்தத் திரையைத்தான் சந்திக்கின்றன.

இப்போது நம் நகரங்களில் எழும் கடைத்தொகுதிகளைப் பாருங்கள். பழைய கடைவரிசைகளில் முன்னே நீண்டு இறங்கிய ஓட்டுக்கூரையும் விறாந்தையும் இருந்தன. புதியவற்றில் கூரை நீட்சி இல்லை. சுவர் நேராக ஏறி மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவராக முடிகிறது. அதன் உச்சி தட்டையாக இருக்கிறது, தண்ணீர் தேங்கி வெடிப்பில் இறங்குகிறது. யன்னலுக்கு மேலே வெயில்தடுப்புச் சிலாப் இருக்கும், அதன் அடிப்பகுதியில் நீர் சொட்டும் பள்ளம் இருக்காது. ஒரு விரல் அகலப் பள்ளம் அது. கொங்கிறீட் ஊற்றும்போது ஒரு சிறு சட்டத்தைப் பலகையில் அடித்து வைத்தால் போதும், ஏறக்குறையச் செலவே இல்லை. தம்புள்ளைப் பாறையில் உளியால் வெட்டியவர்கள் செய்ததை நாம் பலகைத் துண்டால்கூடச் செய்வதில்லை.

மாத்தளைக்கே உரிய இன்னொரு சிக்கல் பின்சுவர். சரிவை வெட்டிக் கடை கட்டும்போது பின்சுவர் மண்ணை ஒட்டி நிற்கிறது. மழைக்காலத்தில் மண்ணிலுள்ள நீர் சுவரை உள்நோக்கி அழுத்துகிறது. உள்ளே எந்தப் பெயின்டைப் பூசினாலும் அழுத்தம் அதைப் பின்னாலிருந்து பெயர்த்துவிடும். மண்ணுக்கும் சுவருக்கும் இடையே கல்லடுக்கும் வடிகுழாயும், சுவரின் மண்பக்கத்தில் நீர்த்தடைப் பூச்சும் கட்டும்போதே வைக்க வேண்டியவை. கட்டி முடிந்துவிட்டால் நீரை வெளியேற்ற வழி செய்து, நுண்துளைகளில் பளிங்காகி அடைக்கும் சீமெந்துவகைப் பூச்சை உட்புறம் கொடுக்கலாம். சாதாரண எமல்ஷனுக்கு அங்கே வேலையே இல்லை.

காயவிடுவதும் அளப்பதும்

புதிதாகப் பூசிய சீமெந்துச் சாந்து குறைந்தது 28 நாள் முதிர வேண்டும். மழைக்காலமாக இருந்தால் அதற்கும் மேல். முதிராத சாந்தின் காரம், எண்ணெய் சார்ந்த இனாமலைச் சவர்க்காரமாக மாற்றிப் பிசுபிசுக்க வைக்கும். அக்ரிலிக் பெயின்டுக்கும் காரம் தாங்கும் பிரைமர் வேண்டும். கடை திறப்பு விழாத் திகதியைக் குறித்துவிட்டு, அதற்குப் பத்து நாள் முன் சாந்து பூசி முடித்து, உடனே வர்ணம் அடிக்கும் வழக்கம் அந்தச் சுவருக்குப் பிறக்கும்போதே நோயைக் கொடுக்கிறது.

சுவர் காய்ந்ததா என்று கையால் தடவிப் பார்ப்பது போதாது. ஈரமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஏஎஸ்டிஎம் டி 4263 என்ற அமெரிக்க நியமம் கொங்கிறீட்டுக்குச் சொல்லும் எளிய சோதனையைச் சுவருக்கும் செய்து பார்க்கலாம். 45 சென்ரிமீற்றர் சதுரமான தடித்த பொலித்தீன் தாளை நான்கு பக்கமும் நாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி, 16 மணித்தியாலம் விட்டுப் பாருங்கள். உரிக்கும்போது தாளின் உட்புறம் நீர்த்துளி தெரிந்தாலோ சுவர் கறுத்திருந்தாலோ அன்று பெயின்ட் வாளியைத் திறக்கக் கூடாது. சில ரூபாய்ச் செலவில் முடியும் சோதனை இது.

அடுத்தது தடிப்பு. நம் கொந்தராத்துகளில் வழமையாக எழுதுவது, பிரைமர் ஒரு பூச்சு, பெயின்ட் இரண்டு பூச்சு, சதுர அடிக்கு இவ்வளவு ரூபாய் என்பதுதான். இரண்டு பூச்சு என்பது ஓர் அளவே அன்று. ஒரு கணக்கைப் பாருங்கள். 5,000 சதுர அடிச் சுவர் ஏறக்குறைய 465 சதுர மீற்றர். 40 வீதம் திண்மக் கனவளவு உள்ள எமல்ஷனை லீற்றருக்கு 10 சதுர மீற்றர் வீதம் பூசினால், ஈரப்படலம் 100 மைக்ரோன், காய்ந்த பிறகு 40 மைக்ரோன். மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு பூச்சுக்கு 80 மைக்ரோன். இதற்கு 93 லீற்றர் வேண்டும், சேதாரத்தோடு 20 லீற்றர் வாளி ஐந்து. அதே சுவரைத் தண்ணீர் கலந்து இழுத்து மூன்று வாளியில் முடித்தாலும் அதுவும் இரண்டு பூச்சுதான், கண்ணுக்கு நிறமும் மூடியிருக்கும். ஆனால் காய்ந்த தடிப்பு 52 மைக்ரோனுக்குக்கூட வராது. பூச்சின் ஆயுளில் பெரும்பகுதி அங்கேயே போய்விட்டது.

இதில் பாஸ் ஒருவரை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயம் அன்று. 2022இல் ரூபாய் சரிந்து இறக்குமதி மூலப்பொருள்களின் விலை ஏறியபோது, பெயின்ட் விலை உயர்ந்த அளவுக்குச் சதுர அடிக் கூலியும் கொந்தராத்து விலையும் உயரவில்லை. ஆகக் குறைந்த விலைக்கே வேலை என்று நாம் நிபந்தனை விதித்தால், தண்ணீர் கலப்பதற்கு நாமே அனுமதி கொடுத்தவர்கள் ஆகிறோம். உரிமையாளர் செய்யக்கூடியது எளிது. சுவரின் பரப்பையும் வாளியில் அச்சிட்ட பரவல் வீதத்தையும் வைத்துத் தேவையான லீற்றரைக் கணக்கிட்டுக் கொந்தராத்தில் எழுதுங்கள். முத்திரை உடையாத வாளிகளை வேலைத்தளத்தில் எண்ணி ஒப்படையுங்கள். வெற்று வாளிகளை முடிவில் எண்ணுங்கள். பெரிய கட்டடமாயின் ஈரப்படலத்தை அளக்கும் பல்வெட்டுத் தகடு ஒன்றை வாங்கி மேற்பார்வையாளர் கையில் கொடுங்கள். மூன்று மாடிக் கட்டடத்துக்குச் சாரம் கட்டும் செலவையும் கூலியையும் பார்த்தால், இரண்டு வாளியில் மிச்சம் பிடித்து அடுத்த சாரத்தைச் சில ஆண்டு முன்னதாகவே வரவழைப்பது எவ்வளவு பெரிய நட்டம் என்பது விளங்கும்.

பூச்சைத் தெரிவு செய்யும்போது கேட்க வேண்டிய கேள்வி, அது மழையைத் தடுக்குமா என்பதோடு, உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடுமா என்பதும்தான். ஐரோப்பிய நியமம் ஈஎன் 1504-2 இதற்கு ஓர் எளிய அளவுகோலைத் தருகிறது. பூச்சின் தடையை அசையாத காற்றுப்படலத்தின் தடிப்பாக மாற்றிச் சொல்கிறார்கள். நீராவிக்கு அது 5 மீற்றருக்குக் குறைவானால் சுவர் மூச்சு விடும். காபனீரொட்சைட்டுக்கு 50 மீற்றருக்கு மேலானால் கம்பி காக்கப்படும். கொங்கிறீட் முகப்புள்ள வங்கிகளும் விடுதிகளும் வைத்தியசாலைகளும் இந்த இரண்டு எண்களையும் விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த பழைய கட்டடங்களுக்குச் சுண்ணாம்பு வெள்ளையே இன்றும் சிறந்தது. அந்தச் சுவர்களில் பிளாஸ்ரிக் போன்ற படலத்தைப் போர்த்துவது உள்ளே ஈரத்தைச் சிறை வைப்பதாகும்.

இரும்பு வேலைகளுக்கும் ஒரு வார்த்தை. நாகம் பூசிய தகட்டின் மேல் நேரடியாக இனாமல் அடித்தால், நாகத்தோடு தாக்கம் புரிந்து அடியில் சவர்க்காரப் படலம் உருவாகி, தோலாக உரிந்து வரும். ரோலர் கதவிலும் பீலியிலும் நாம் அடிக்கடி காணும் உரிதல் இதுதான். நாகத்துக்கென்று தயாரித்த பிரைமர் இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

மறைப்பது தீர்வு ஆகாது

கெட்ட சுவரைப் பழுதுபார்க்கச் சலித்துப்போய், அலுமினியக் கூட்டுத் தகடுகளால் முகப்பையே மூடிவிடும் போக்கு நம் நகரங்களில் பரவுகிறது. உள்ளே கசிவு தொடர்கிறது, கம்பி துருப்பிடிப்பது தொடர்கிறது, வெளியே எவருக்கும் தெரிவதில்லை. அதைவிட அபாயம் தீ. இந்தத் தகடுகளின் நடுவில் பொலித்தீன் வகைப் பொருள் இருந்தால் அது எரிபொருளே. லண்டனில் 2017 ஜூன் 14ஆம் திகதி கிரென்பெல் கோபுரத்தில் தீ முகப்புத் தகடுகளில் ஏறிப் பரவியதில் 72 பேர் இறந்தார்கள். கடைகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் மாத்தளை வீதிகளில், எரியும் தன்மையுள்ள தகடுகளுக்கு மாநகர சபை அனுமதி வழங்கவே கூடாது.

பூசுகிறவர்களின் உயிரையும் இந்த விவாதத்தில் சேர்க்க வேண்டும். நம் மாவட்டத்தில் மூங்கில் சாரத்தில் ஏறுகிறவர்களில் தோட்டப்புற இளைஞர்கள் பலர். பாதுகாப்புப் பட்டி இல்லாமல் மூன்றாம் மாடியில் நிற்கிறார்கள். பழைய இனாமலை உலர்ந்தபடியே தேய்த்து அந்தத் தூசியைச் சுவாசிக்கிறார்கள். சுற்றாடல் நீதி மையம் உயர் நீதிமன்றம் வரை சென்று போராடியதையடுத்து, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை தீந்தைகளில் ஈயத்துக்கு வரம்பு விதித்தது. 2013 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்த விதியின்படி இனாமலில் பத்து இலட்சத்தில் 600 பங்கும் எமல்ஷனில் 90 பங்கும் உச்சமாக வைக்கப்பட்டன. அதற்கு முன் பூசிய கதவு, யன்னல், கைப்பிடிக் கம்பிகளில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை இனாமல்களில், ஈயம் மிகுந்திருக்கலாம். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடையில் ஒட்டிய தூசி வீட்டுக்குப் போய்க் குழந்தைகளின் உடலிலும் சேர்கிறது. ஈரமாக்கித் தேய்ப்பது, முகமூடி, வேலைத்தளத்திலேயே உடைமாற்றம், கழிவை மூட்டையாகக் கட்டி அகற்றுவது ஆகியவற்றைக் கொந்தராத்தில் கட்டாயமாக்கினால் செலவு சிறிதளவுதான் கூடும். அதைக் கொடுக்க மறுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

பன்னிரண்டு ஆண்டு ஒழுங்கு

தவணை வைத்துப் பராமரிப்பது நமக்குப் புதிதன்று. மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோவிலின் 108 அடி இராஜகோபுரத்தில் நூற்றுக்கணக்கான சுதைச் சிற்பங்கள் வெயிலிலும் மழையிலும் நிற்கின்றன. கோவில்களில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பாலஸ்தாபனம் செய்து, சாரம் கட்டி, சிதைந்த சுதையைத் திருத்தி, வெடிப்பில் முளைத்த செடியை வேரோடு களைந்து, அதன்பிறகு வர்ணம் தீட்டி, கும்பாபிஷேகம் செய்ய வேண்டும் என்பது ஆகம வழக்கம். முதலில் திருத்தம், பிறகுதான் வர்ணம் என்ற வரிசை அதில் மாறுவதில்லை. திகதி முன்கூட்டியே தெரிவதால் பணமும் முன்கூட்டியே சேர்க்கப்படுகிறது.

வர்த்தகக் கட்டடத்துக்குப் பின்வரும் ஒழுங்கு இருந்தால் போதும். ஆண்டுதோறும் செப்டம்பரில், மழைக்கு முன், பீலி, மொட்டைமாடி, கைப்பிடிச்சுவர் உச்சி, நீர்க்குழாய் இணைப்பு ஆகியவற்றைப் பரிசோதித்துத் துப்புரவாக்குதல். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சுவரைக் கழுவிப் பாசி நீக்கல். ஆறேழு ஆண்டுக்கு ஒருமுறை முழுப்பூச்சு. வெளிப்பூச்சுக்குரிய பருவம் மாத்தளை நகரத்துக்கும் மலைப்புறத்துக்கும் பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை, மீண்டும் ஜூன் தொடக்கம் ஓகஸ்ட் வரை, தூறலில்லாத நாள்களில். தம்புள்ளைக்கும் கலேவெலவுக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை முழுவதும், நண்பகல் வெயிலைத் தவிர்த்து.

அப்படியானால் மழைக்காலத்தில் பாஸ்மார் பட்டினி கிடப்பதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உட்சுவர், கதவு யன்னல், படிக்கட்டு, பெயர்ப்பலகை வேலைகளை அந்த மாதங்களுக்கு ஒதுக்கினால் ஆண்டு முழுவதும் வேலை பரவும். பண்டிகைக்கு முன் கடையை அழகுபடுத்த விரும்பும் வர்த்தகர் உட்புறத்தைப் பூசட்டும். வெளிப்புறத்தை மழைக்கு முன் ஓகஸ்டிலேயே முடித்திருந்தால் அது பொங்கலிலும் புதிதாகத்தான் இருக்கும்.

மாத்தளை, தம்புள்ளை மாநகர சபைகளுக்கும் பிரதேச சபைகளுக்கும் என் வேண்டுகோள் திட்டவட்டமானது. சந்தைக் கட்டடங்கள், பஸ் நிலையங்கள், வாடகைக் கடைத்தொகுதிகளின் வெளிப்பூச்சு வேலைக்கான கேள்விப்பத்திரங்களை ஜனவரியில் அழையுங்கள், வேலையைச் செப்டம்பர் முடிவதற்குள் நிறைவு செய்யுங்கள். ஒக்டோபருக்குப் பிறகு வெளிப்பூச்சுக்குப் பணம் விடுவிப்பதில்லை என்று சபையில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். கேள்விப்பத்திரத்தில் ஐந்து நிபந்தனைகள் இடம்பெறட்டும்: நீர்க்கசிவு திருத்தப்பட்டதற்கான தொழினுட்ப உத்தியோகத்தரின் கையொப்பம், ஈரச் சோதனையின் பெறுபேறு, காய்ந்த படலத்தின் ஆகக் குறைந்த தடிப்பு, பயன்படுத்த வேண்டிய லீற்றர், தொழிலாளர் பாதுகாப்பு. ஆகக் குறைந்த விலையை இந்த ஐந்தையும் ஏற்றவர்களுக்கிடையே மட்டும் ஒப்பிடுங்கள். புதிய வர்த்தகக் கட்டடத்துக்கு வரைபட அனுமதி கொடுக்கும்போது, வெயில்தடுப்பின் அடிப்பள்ளமும் கைப்பிடிச்சுவர் உச்சியின் சாய்வும் பின்சுவரின் வடிகாலும் வரைபடத்தில் உண்டா என்று பாருங்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புங்கள்.

இவற்றுக்குப் புதுச்சட்டம் வேண்டியதில்லை, வெளிநாட்டு உதவியும் வேண்டியதில்லை. இப்போது செலவிடும் அதே பணத்தை உரிய மாதத்தில், உரிய வரிசையில் செலவிட்டால் போதும். வரிப்பணத்தில் எழுந்த கட்டடமும், ஒரு குடும்பம் கடன் வாங்கி எழுப்பிய கடையும் அடுத்த தலைமுறைக்குத் திடமாகப் போய்ச் சேர வேண்டும். வர்த்தகர் சங்கங்கள் அடுத்த கூட்டத்தில் இதைப் பேச்சுப் பொருளாக எடுத்து, வரும் ஆண்டின் பூச்சு வேலைகளை மழைக்கு முன் முடிக்கும் திட்டத்தோடு சபைகளை அணுக வேண்டும்.

(கட்டுரையாளர் குடிசார் பொறியியலாளர், கட்டடப் பூச்சு, பராமரிப்புத் துறை ஆலோசகர்)